பறக்குத விமானத்துல பைலட் அறைக்குள்ள போய்ப் பாத்த நம்ம ஊர்க்காரங்க யாராவது உண்டா?

மார்த்தாண்டத்தான்
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நேத்து எனக்க மகன் கேட்ட ஒரு கேள்வியில இருந்து பழைய ஓர்மை ஒண்ணு மனசுல கிடந்து புரளுது. எழுதிப் போட்டாத்தான் தூக்கம் வரும் போல இருக்கு.

1993. நான் நாலாங்கிளாஸ் முடிஞ்ச லீவு. அப்பா மஸ்கட்டுல ஏசி மெக்கானிக். அம்மையும் நானும் ரெண்டு மாசம் அங்க போய் நின்னுட்டு, மூணு பேருமா திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தோம். மூணரை மணி நேரப் பயணம், அதுல முக்காவாசியும் கடலுக்கு மேல. ஜன்னல்ல மூக்கை ஒட்டி வச்சிட்டு இருந்தேன். தண்ணி கொண்டு வந்த ஏர்ஹோஸ்டஸ் அக்காகிட்ட, "இத ஓட்டுதது ஆரு?"ன்னு கேட்டேன். அவங்க மலையாளத்துல, "காணணோ?"ன்னு கேட்டுட்டு முன்னால போனாங்க. அஞ்சு நிமிஷத்துல வந்து கைய நீட்டினாங்க. அப்பா சட்டைக் காலரைச் சரியாக்கி விட்டார். ஏதோ பெரிய மனுசனைப் பாக்க அனுப்புதது போல.

கதவு, நம்ம வீட்டு பாத்ரூம் கதவு போல மெல்லிசு. தொறந்ததும் முதல்ல கண்ணுல அடிச்சது வெளிச்சம். உள்ள சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஜன்னலை மூடிட்டு உறங்கிட்டு இருந்தாங்க, அந்த இருட்டுல இருந்து இந்த வெளிச்சத்துக்கு. மூணு பேர் இருந்தாங்க. சுவரு, மேல் கூரை, ரெண்டு சீட்டுக்கு நடுவுல எல்லாம் சுவிட்சும் முள்ளும். அதெல்லாம் பொறவுதான் பாத்தேன். முதல்ல பாத்தது எதிர்ல இருந்த ஆகாசத்தை.

அதுவரைக்கும் நான் விமானத்துல பாத்த ஆகாசம் பக்கவாட்டுல ஓடிப் போன ஆகாசம். றெக்கை பாதிய மறைச்சிட்டிருக்கும். இங்க ஆகாசம் எதிர்ல நின்னுது. தூரத்துல ஒரு மேகம், தக்கலையில நின்னா வேளிமலை தெரியுமே, அதுபோல அசையாம நின்னுது. கேப்டன் மலையாளி. பேரு கேட்டார், நாடு கேட்டார். மார்த்தாண்டம்னு சொன்னதும், "தேன் கிட்டுந்ந ஸ்தலம்!"னு சிரிச்சார். அந்த மேகத்தைக் காட்டி, அதுக்குள்ள போனா குலுங்கும், சுத்திப் போகப் போறோம், பாத்துக்கோன்னு சொல்லி, கண்ணாடிக்குக் கீழ இருந்த ஒரு சின்னக் குமிழைப் பைய திருப்பினார். ரெண்டு விரல்தான். அவ்வளவு பெரிய விமானம் வலப்பக்கம் சாஞ்சுது. மேகம் இடப்பக்கம் நகந்துது. பின்னால அம்மையும் அப்பாவும் மத்த எல்லாரும் சாஞ்சிருப்பாங்க. ஏன் சாயுதோம்னு அந்த விமானத்துல முன்கூட்டியே தெரிஞ்சவங்க நாலு பேரு, அதுல நான் ஒருத்தன்.

இத்தனை வருஷம் ஆச்சு, அந்த ரெண்டு விரலும் குமிழும் இப்பமும் கண்ணுல நிக்குது.

நேத்து மகன் கேட்டது: "அப்பா, பைலட்டுக்கு முன்னால என்ன தெரியும்?" வாயால சொன்னேன், அவனுக்குப் போதல. டிசம்பர்ல குடும்பத்தோட மும்பையில இருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்துல வாறோம். இப்பம் காட்டுவாங்களா? ஒங்களுக்கு இதுபோல அனுபவம் உண்டுமா? எழுதுங்க.

---

பேச்சிப்பாறை ரப்பர்
ஞாயிறு, இரவு 10.15

மக்கா, நான் இன்னும் விமானத்துல ஏறல. ஆனா நீ எழுதினது எனக்குத் தெரியும். சின்னதுல குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறைக்கு கவர்மெண்ட் பஸ்ஸுல வரும்போ, டிரைவருக்குப் பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல உக்காத்தி வைப்பாங்க. சூடு ஏறும், கால் பொள்ளும், எறங்க மாட்டேன். ரோடு நமக்கு நேரா ஓடி வரும். வளைவுல எதிர்ல வண்டி வாறதுக்கு முந்தி டிரைவர் ஆரன் அடிக்கதும், கியரைத் தட்டுததும் பாத்தா, அவருக்கு எல்லாம் தெரியும்னு தோணும். பின்னால இருந்தா பஸ்ஸுல போறோம். முன்னால இருந்தா நாமளும் ஓட்டுதோம்.

ஒரு சந்தேகம். மழையத்து பஸ்ஸுல வைப்பர் போடுவாங்க. விமானத்துல எப்படிப் பாப்பாங்க?

---

வேளிமலைக்காரன்
திங்கள், காலை 6.20

தம்பி மார்த்தாண்டத்தான், மூணு பேர் இருந்தாங்கன்னு எழுதினதால சொல்லுதேன். வளைகுடாவுல விமானப் பராமரிப்புல 27 வருஷம் வேலை பாத்தவன் நான். இப்பம் ஓய்வு, குமாரகோவில் பக்கம் தென்னையும் வாழையுமா இருக்கேன்.

நீங்க வந்தது ஏர்பஸ் ஏ300 ரகமா இருக்கணும். அதுல கேப்டன், துணை பைலட், அவங்களுக்குப் பின்னால பக்கவாட்டுல ஒரு பெரிய பலகையப் பாத்து உக்காருத பிளைட் இஞ்சினியர். எரிபொருள், மின்சாரம், காத்தழுத்தம், இஞ்சின் சூடு எல்லாம் அவருக்க பொறுப்பு. அதே கம்பெனி கொண்டு வந்த ஏ310ல கம்ப்யூட்டரும் திரையும் வந்துது, அந்த மூணாவது சீட் போச்சுது. இப்பம் உள்ள பெரிய பயணி விமானம் ஏறக்குறைய எல்லாத்துலயும் ஓட்டுததுக்கு ரெண்டே பேர் போதும்.

கேப்டன் திருப்பின குமிழு திசைக் குமிழு. விமானம் ஆட்டோபைலட்டுல, அதாவது தானே ஓட்டுத கருவியில போய்ட்டிருக்கும்போ எந்தத் திசைக்குப் போகணும்னு அதுல டிகிரி வச்சுக் குடுத்தா, அது தானே சாஞ்சு திரும்பி, சரியான திசை வந்ததும் நிமிந்துக்கும். ஒங்களுக்கு அந்தச் சாய்வு ஓர்மை இருக்குதது ஆச்சரியமில்லை. மேகத்தைச் சுத்தப் போறோம்னு தரைக் கட்டுப்பாட்டுக்கு ரேடியோவுல அவங்க முன்னமே சொல்லியிருப்பாங்க.

எனக்கு நாளும் காக்பிட்டுல, அதான் பைலட் அறையிலதான் வேலை. சுத்தியலும் டார்ச்சும் கையில வச்சிட்டு நடு ராத்திரி ஏறுவோம். தரையில நிக்குத காக்பிட் அது, எதிர்ல ஹேங்கர் சுவரு, விமானத்தை நிறுத்தி வேலை பாக்குத கொட்டகை. 27 வருஷத்துல ஒரே ஒருக்க, சோதனைப் பறப்புல பின்சீட்டுல உக்காந்து போனேன். கைவச்சுக் கழட்டி மாட்டின கருவி ஒவ்வொண்ணும் உசிரோட வேலை செய்யுதது பாத்தேன். செயற்கை அடிவானம்னு ஒரு கருவி உண்டு, பாதி நீலம், பாதி தவிட்டு நிறம், நீலம் ஆகாசம், தவிடு பூமி. மேசையில வச்சு அதை நூறு தடவை சோதிச்சிருப்பேன். அன்னைக்கு விமானம் சாய, கண்ணாடிக்கு வெளிய இருந்த உண்மையான அடிவானமும் கருவிக்குள்ள இருந்த கோடும் ஒரே நேரத்துல, ஒரே அளவு சாஞ்சுது. அப்பம் எனக்கு 41 வயசு. கண்ணு நெறஞ்சு போச்சு. இதை வீட்டுல கூட நான் சொன்னதில்ல.

---

கடலோரக்காரி
திங்கள், மதியம் 1.05

வேளிமலை அண்ணே, ஒங்க பதிவை வாசிச்ச பொறவுதான் எழுதத் துணிஞ்சேன். குழந்தைகளைப் பத்தித்தான் கேட்டிருக்காங்க, நான் சொல்லப் போறது எனக்க அப்பாவப் பத்தி.

நாங்க முட்டம் பக்கம். அப்பா 1980கள்ல பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போனவர். நம்ம கடற்கரை ஊருகள்ல பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் போனாங்க. 1988ல முதல் லீவுக்கு பம்பாய் வழியா வரும்போ, பக்கத்து சீட்டுல இருந்த ஒரு பையனை காக்பிட் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்களாம். துணைக்கு ஒரு பெரியவர் வரட்டும்னு சொன்னதும் அப்பா எழும்பி நின்னுட்டார். அவருக்குச் சொந்தம் ஒண்ணும் இல்ல அந்தப் பையன். கடல்ல வளந்த மனுசன், வெக்கப்படத் தெரியாது.

உள்ள இருந்த கருவி ஒண்ணும் அவருக்கு வெளங்கல. பயமா இருந்துதுன்னு சொல்லுவார், கை பட்டா ஏதாவது ஆயிருமோன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டார். அப்பந்தான் முன் கண்ணாடி ரெண்டும் சேருத எடத்துல, மேல, ஒரு சின்ன உருண்டை தொங்குதத கண்டார். உள்ள திரவம், அதுல எழுத்தும் கோடும் போட்ட வட்டு மிதக்குது. காம்பஸ்! அவருக்க வள்ளத்துல இருந்த அதே காம்பஸ், கொஞ்சம் சின்னது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதைச் சுட்டிக்காட்டி, "நார்த்"னு சொல்லி கையால வடக்கைக் காட்டினாராம். கேப்டன் திரும்பிப் பாத்தார். அப்பா மறுபடி, விமானம் போற திசையைக் கையால வெட்டிக் காட்டி, தெக்கும் கெழக்கும் சேந்த மூலைன்னு காட்டினார். கேப்டன் தலையாட்டி, எழும்பி, கை குடுத்தார். வெள்ளைக்காரர். "நம்ம கையப் பிடிச்சு முள்ளு குத்தின தழும்பத் தடவிப் பாத்தார் மோளே"ன்னு சாகுத வரைக்கும் சொன்னார்.

கடல்ல கரை தெரியுத வரைக்கும் எங்க ஆளுக கணியம் பாத்துப் போவாங்க. ஒரு மலை உச்சியும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேர்ல வந்தா இன்ன பாறை அடியில இருக்குன்னு அர்த்தம். கரை மறைஞ்சா நட்சத்திரமும் காம்பஸும்தான். அவ்வளவு ஒயரத்துல, அத்தனை மெஷினுக்கு நடுவுல, கடைசியில நம்புதது அந்தச் சின்ன உருண்டையத்தான்னு அவருக்கு ஒரு பெருமை. அது சரியான்னு எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லணும்.

---

வேளிமலைக்காரன்
திங்கள், மதியம் 2.30

ஒங்க அப்பா பாத்தது சரிதான் மோளே. அதுக்கு மாற்றுத் திசைகாட்டின்னு பேரு. நவீன விமானம் பலதுலயும் அது உண்டு. கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எல்லாம் செத்துப் போனாலும் அது மிதந்துட்டே வடக்கைக் காட்டும். வருஷக் கணக்குல அதைச் சரிபார்த்தவன் சொல்லுதேன்.

---

தக்கலை ஆசிரியை
திங்கள், மாலை 5.50

வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மார்த்தாண்டத்தான் கேட்ட கேள்விக்கு ஒரு பதிலும் சொல்ல வேண்டும். பறக்கும்போது இப்போது கதவு திறக்காது. திறக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து.

1994 மார்ச் 23ஆம் தேதி மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ரஷ்ய ஏர்பஸ் ஏ310 ஒன்றில், பைலட் தம் பிள்ளைகளைத் தம் இருக்கையில் உட்கார வைத்தார். ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பார். மகன் கைப்பிடியைச் சில நொடிகள் ஒரு பக்கமாகப் பிடித்தபடி இருந்ததில், சாய்வைக் கவனிக்கும் பகுதி மட்டும் ஆட்டோபைலட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. சத்தமான எச்சரிக்கை வரவில்லை, ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. விமானம் சாயத் தொடங்கியதை முதலில் கவனித்ததே அந்தப் பையன்தான். சைபீரியாவில் விழுந்து 75 பேரும் இறந்தார்கள். எல்லாம் தொடங்கியது ஒரு அப்பாவின் பாசத்தில்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த நம் விமானம் கந்தகார் வரை கடத்தப்பட்டதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு உலகமே கதவைப் பூட்டியது. குண்டு துளைக்காத கதவு, உள்ளிருந்து தாழ்ப்பாள். 2003 நவம்பர் முதல் பெரிய பயணி விமானங்களுக்கு அது சர்வதேச விதி.

நானும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவள்தான். அவர்கள் கண்ணில் வரும் வெளிச்சத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன். இருநூறு பேரின் உயிரைக் கொண்டு அதை வாங்க மாட்டேன்.

---

பேச்சிப்பாறை ரப்பர்
திங்கள், இரவு 8.10

டீச்சர் சொல்லுதது ஞாயம். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. இப்பம் பஸ்ஸுலயும் இஞ்சின் பெட்டி மேல பிள்ளைகளை இருத்த விடமாட்டாங்க. ஸ்டேஷன்ல பிளாட்பாரத்துல நின்னு இஞ்சின் டிரைவர்கிட்டப் பேசக்கூட ஆளு பயப்படுது. எல்லாக் கதவும் பாதுகாப்புக்குத்தான் மூடுது, ஒவ்வொண்ணும் ஞாயம்தான். பிள்ளைகளுக்கு பெரியவங்க வேலை செய்யுததப் பாக்க எங்க எடம்? ஒரு கொல்லன் பட்டறை வாசல்ல நின்னு பாத்து வளந்தவன் நான். அந்த வாசல் எனக்க பிள்ளைக்கு எங்க கிடைக்கும்?

வைப்பர் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

---

மார்த்தாண்டத்தான்
திங்கள், இரவு 9.00

டீச்சர், 1994ல நடந்தது எனக்குத் தெரியாது. நான் உள்ள போன அடுத்த வருஷம். எனக்க கேப்டன் என்னை எதையும் தொட விடல, பின்னால நிக்க வச்சு, தோள்ல ஒரு கை வச்சிட்டுதான் காட்டினார். அந்தக் கை எதுக்கு இருந்துதுன்னு இன்னைக்குத்தான் வெளங்குது.

பேச்சிப்பாறை அண்ணே, நீங்க சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். எனக்கு ஓர்மை இருக்குதது சுவிட்சு இல்ல. வேலையில இருக்க ஒரு பெரிய மனுசர், ஒன்பது வயசு பயலுக்கு, தான் என்ன செய்யப் போறோம்னு சொல்லிட்டு செஞ்சார். அதுவரைக்கும் எனக்கு யாரும் அப்படிச் செஞ்சதில்ல.

---

வலதுசீட்
செவ்வாய், இரவு 11.45

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்காரன், வடசேரி. ஒரு விமானக் கம்பெனியில துணை பைலட். இந்த இழையை டியூட்டி முடிஞ்சு ஓட்டல் அறையில கிடந்து ரெண்டு தடவை வாசிச்சேன். முதல்ல கேட்ட கேள்விக்குப் பதில்.

பறக்கும்போ முடியாது, டீச்சர் சொன்னது முழுசும் சரி. 2023ல ஒரு சர்வதேச விமானத்துல பைலட் தனக்க தோழியை காக்பிட்டுக்குள்ள இருக்க வச்சதுக்கு, அந்த விமானக் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், அந்த பைலட்டுக்கு மூணு மாசம் லைசென்ஸ் நிறுத்தமும் போட்டாங்க. யாரும் உள்ள விடமாட்டோம், விடவும் கூடாது.

ஆனா விமானம் வந்து நின்னு, இஞ்சின் அணைஞ்சு, ஆளு எறங்க ஆரம்பிச்ச பொறவு வேற. கேப்டன் சம்மதிச்சா பிள்ளைகள் எட்டிப் பாக்கலாம், சில நேரம் சீட்டுலயும் இருத்துவோம். மார்த்தாண்டம் அண்ணே, ஒரு ரகசியம்: எறங்கும்போ கேக்காதீங்க. ஏறும்போதே வாசல்ல நிக்குத கேபின் ஆளுகிட்ட, "எனக்க மகனுக்கு ரொம்ப ஆசை, எறங்கினதும் ஒரு நிமிஷம் பாக்க முடியுமா, கேப்டன்கிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களா"ன்னு சொல்லுங்க. வழியில டீ கொண்டு வரும்போ அவங்க எங்ககிட்டச் சொல்லுவாங்க. அடுத்த பயணத்துக்கு நேரம் நெருக்கினா முடியாமப் போகும், அதுக்கு வருத்தப்படாதீங்க. கடைசி ஆளா எறங்குங்க. முடிஞ்சா அன்னைக்குக் கடைசிப் பயணமா உள்ள ராத்திரி விமானத்துல வாங்க, எங்களுக்கும் அவசரம் இருக்காது. எங்கள்ல முக்காவாசிப் பேரும் அப்படி ஒரு கதவு தொறந்ததாலதான் இந்தச் சீட்டுல இருக்கோம்.

பேச்சிப்பாறை அண்ணே, வைப்பர் உண்டு. பஸ்ஸுல உள்ளது போலத்தான், கண்ணாடிக்கு ஒண்ணு. மழையில எறங்கும்போ போடுவோம். மேல முப்பத்தஞ்சாயிரம் அடியில அது வேண்டாம். அங்க வெளிய பூஜ்யத்துக்குக் கீழ அம்பது டிகிரிக்கும் மேல குளிரு, கண்ணாடிக்குள்ள கரண்டு ஓட்டி சூடாக்கி வச்சிருக்கும், இல்லேன்னா ஐஸ் பிடிச்சிரும்.

இனி, மகன் கேட்ட கேள்வி. முன்னால என்ன தெரியும்?

நம்ம ஊருக்கு மேல போகும்போ நான் எப்பமும் பேச்சை நிறுத்திட்டு வெளிய பாப்பேன். அந்த ஒயரத்துல அடிவானம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தூரத்துல இருக்கும். தெளிஞ்ச நாள்ல இந்தியாவுக்க முனை மொத்தமும் ஒரே கண்ணாடிக்குள்ள அடங்கிரும். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவுல ஒரு மூக்கு. மலை தெக்கே வந்து வந்து சின்னதாகி, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு எடைவெளி விட்டு நிக்கும். ஆனி, ஆடியில அந்த எடைவெளி வழியா காத்து பாயுததாலதான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடி. அந்த மாசங்கள்ல மலையத் தாண்டும்போ உள்ள குலுக்கத்துல பயணிகள் பயப்படுவாங்க. எனக்கு அது எங்க அம்மை வீட்டு வாசப்படி தட்டினது போல. சின்னதுல அந்தக் காத்துல குடை பிடிச்சு மடங்கிப் போன பயல் நான்.

ரெண்டு காட்சி மட்டும் சொல்லுதேன்.

ஒண்ணு. நம்ம கன்னியாகுமரிக்கு ஆளு வாறதே சூரியன் உதிக்கதும் மறையுததும் பாக்கத்தான். மறைஞ்சா கதை முடிஞ்சு, சுண்டல் வாங்கிட்டு நடக்கணும். ஒருநாள் சாயங்காலம் திருவனந்தபுரத்துல இருந்து வளைகுடாவுக்குக் கிளம்பினோம். ஓடுபாதைக்கு வந்து நிக்கும்போ இடப்பக்கம் கடல்ல சூரியன் கடைசித் துண்டும் முங்கிச்சு. அடுத்த நிமிஷம் ஓடி எழும்பினோம். ஏற ஏற, மேற்குல, மறைஞ்ச எடத்துலயே, சூரியன் மறுபடி எழும்பி வந்துது. முதல்ல ஒரு சிவந்த நூலு. பொறவு நகத்துண்டு. பொறவு பாதி. கணக்கு எளுப்பம்தான், ஒயரம் கூடக் கூட அடிவானம் கீழ எறங்கும், அப்பம் அதுக்குப் பின்னால ஒளிஞ்சது தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லி வெளங்க வைக்கலாம். எனக்கும் தெரியும், கேப்டனுக்கும் தெரியும். ஆனா ரெண்டு பேரும் வாய் தொறக்கல. மேற்குல சூரியன் உதிச்சுது.

ரெண்டாவது காட்சி கடலோர அக்காவுக்கு. நிலா இல்லாத ராத்திரி கொழும்புப் பக்கம் இருந்து வரும்போ, நம்ம முனைக்குத் தெக்கே உள்ள கடல் முழுக்க வெளிச்சப் புள்ளி. மீன்பிடி வள்ளமும் போட்டும். மேல நட்சத்திரம், கீழ விளக்கு, நடுவுல அடிவானம் எங்கன்னு கண்ணுக்குத் தெரியாது. எந்தப் புள்ளி மேல, எந்தப் புள்ளி கீழன்னு குழம்பிப் போகும். பயிற்சியில எங்களுக்கு இதைத் தனியாச் சொல்லித் தருவாங்க: மீன்பிடி விளக்கை நட்சத்திரம்னு நம்பி விமானத்தைச் சாய்ச்சிராதே, கண்ணை நம்பாதே, கருவியப் பாரு. வேளிமலை அண்ணன் சொன்ன நீலமும் தவிடும்தான் அப்பம் காப்பாத்தும். நான் கருவியத்தான் பாப்பேன். ஆனா ஒரு நொடி வெளிய பாத்து, இதுல எந்த விளக்கு எங்க ஊருன்னு நெனைக்காம இருந்ததில்ல.

---

கடலோரக்காரி
புதன், காலை 5.30

நைட் டியூட்டி முடிஞ்சு வந்து இதை வாசிச்சேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து அழுதேன் தம்பி.

அப்பா கடல்ல கிடக்கும்போ கையில வாட்ச் கெட்ட மாட்டார், உப்புத் தண்ணியில கெட்டுப் போகும்னு. ராத்திரி மேல போற விமானத்துக்க சிவப்பு விளக்கு மினுங்கினா, "அன்னா, ரெண்டாவது பிளேன் போகுது, வலைய எழுப்பு"ன்னு சொல்லுவாராம். கூடப் போன எங்க சித்தப்பா இப்பமும் சொல்லுவார். கீழ இருந்து அவர் ஒங்களைப் பாத்து நேரம் கணிச்சிருக்கார். மேல இருந்து நீங்க அவரைப் பாத்து ஆகாசம்னு நெனைச்சிருக்கீங்க.

எனக்க தம்பி வயசுல ஒருத்தர் அங்க மேல இருக்காருன்னு அப்பாகிட்டச் சொல்ல முடியலியேன்னு இருக்கு.

---

தக்கலை ஆசிரியை
புதன், இரவு 7.15

வலதுசீட் தம்பிக்கு நன்றி. மேற்கில் சூரியன் உதித்ததை இன்று ஏழாம் வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம், அதன் மேல் ஒரு சின்னப் புள்ளி, புள்ளியை மேலே நகர்த்த நகர்த்த தொடுகோடு எங்கே போய்த் தொடுகிறது என்று வரைந்து காட்டினேன். பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "அப்போ இன்னும் வேகமா மேல போய்க்கிட்டே இருந்தா சூரியன் மறையவே மறையாதா டீச்சர்?" என்று கேட்டாள். அவளை பலகைக்கு அழைத்து அவள் கையிலேயே சாக்பீஸைக் கொடுத்தேன். மணி அடித்தும் யாரும் போகவில்லை.

விமானத்தில் ஏற வசதியில்லாத பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அவர்களை ஒரு நாள் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போக எண்ணியிருக்கிறேன். விமானங்கள் தலைக்குப் பக்கத்தில் இறங்குவதை அங்கே நின்றே பார்க்கலாம். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் கடலுக்குப் போக, வருஷத்தில் இரண்டு முறை சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி ஓடுபாதையைத் திறந்துவிடுகிறார்களே, அந்த விமான நிலையம்தான் என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவே இல்லை.

---

மார்த்தாண்டத்தான்
டிசம்பர் கடைசி ஞாயிறு, இரவு 10.30

இழையை மேல கொண்டு வாறேன். முந்தாநாள் வந்து சேந்தோம்.

வலதுசீட் தம்பி சொன்னபடி மும்பையில ஏறும்போதே வாசல்ல நின்ன பிள்ளைகிட்டச் சொன்னேன். அவ சிரிச்சிட்டு, கேக்குதேன் சார்னு சொன்னா. வழி முழுக்க பதில் ஒண்ணும் வரல. மகனுக்கு நான் முன்னமே சொல்லி வச்சிருந்தேன், முடியலேன்னா அழக்கூடாதுன்னு. அவன், "அவங்களுக்கு வேற வேலை இருக்கும்லா அப்பா"ன்னு எனக்கே சமாதானம் சொன்னான்.

திருவனந்தபுரத்துல நல்ல மழை. எறங்கி, நின்னு, பெல்ட் விளக்கு அணைஞ்சுது. எல்லாரும் பையத் தூக்கிட்டு நிக்கும்போ அந்தப் பிள்ளை கூட்டத்துக்கு எடையில கையக் காட்டி, இருக்கச் சொன்னா. கடைசி ஆளும் எறங்கின பொறவு கூட்டிட்டுப் போனா. கதவு இப்பம் கனம். அதுக்குப் பக்கத்துல எண் அழுத்துத ஒரு சின்னப் பெட்டி. பெட்டியவும் கதவையும் ஒருக்க பாத்துட்டு உள்ள போனேன்.

கேப்டன் ஒரு பொண்ணு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் கதவுப் பக்கமே நின்னுட்டேன், மகனை மட்டும் முன்னால விட்டேன். இடப்பக்க சீட்டுல, ஆட்டுத்தோல் உறை போட்ட சீட்டு, அதுல அவனை இருத்தினாங்க. கால் எட்டல. எதிர்ல ஆகாசம் இல்ல, டெர்மினல் கட்டிடமும் மழையும்தான். கண்ணாடியில தண்ணி வழிஞ்சு ஒண்ணும் தெரியல. அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம கையை மடியில வச்சிட்டு இருந்தான். எதையும் தொடல, நான் சொல்லாமலே.

"என்ன வேணும்னாலும் கேளு"ன்னு அந்தக் கேப்டன் சொன்னாங்க.

அவன் கண்ணாடியைக் காட்டி, "இதுக்கு வைப்பர் உண்டாமே. ஒரு அண்ணன் கேட்டார். போட்டுக் காட்டுவீங்களா?"ன்னு கேட்டான்.

அவங்க தலைக்கு மேல உள்ள குமிழைக் காட்டி, "நான் இதைத் திருப்பப் போறேன், ரெண்டு தடவை போகும், பாரு"ன்னு சொல்லிட்டு, திருப்பினாங்க.

பேச்சிப்பாறை அண்ணே, ஒங்க கேள்விக்குப் பதில் நேர்ல பாத்தாச்சு.

---

பேச்சிப்பாறை ரப்பர்
டிசம்பர் கடைசி ஞாயிறு, இரவு 10.42

மக்கா!! சத்தம் எப்படி? பஸ்ஸு வைப்பர் போலயா?

---

மார்த்தாண்டத்தான்
டிசம்பர் கடைசி ஞாயிறு, இரவு 10.50

மகன் பக்கத்துல உறங்காமக் கிடக்கான், அவன்கிட்டக் கேட்டுச் சொல்லுதேன். "பஸ்ஸவிடப் பெரிய சத்தம். டக்கு, டக்குன்னு ரெண்டு தடவை. பொறவு வெளிய ஒரு ஆளு மஞ்சக் கோட்டு போட்டு மழையில நிக்கது தெரிஞ்சுது. அவரு எனக்குக் கை காட்டினார்."